தொண்டி மாடுகள்

என் கூடப்பிறந்தவன் எனக்கு வர வேண்டிய வயலைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டபோதுகூட நான் கோர்ட்டுப் படி ஏறவில்லை. கேட்டு வாங்குகிற சொத்து எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். அப்படிப்பட்ட நான் எழுபது வயதுக்கு மேல் கோர்ட்டுக்குப் போனது இரண்டு வண்டிமாடுகளுக்காக. அதுவும் என் மாடுகள் இல்லை. ஊரில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டியிருக்கிறது. என் வீட்டுக்கு அடுத்த காம்பவுண்டு போலீஸ் ஸ்டேஷன். என்னிடம் ஒரு பசுவும் ஒரு எருமையும் உண்டு. ஸ்டேஷனில் போடுகிற டீக்கு என் பால்தான். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால் அவர்கள் முற்றம் முழுவதும் தெரியும். பிடித்து வைத்த மோட்டார் சைக்கிள்கள், லாரிகள், சின்ன வேன்கள். எல்லாவற்றிலும் கோவைக்கொடி படர்ந்து, சீட்டுக்குள் கோழி முட்டையிட்டுக் கிடக்கும். அதற்கெல்லாம் தொண்டி என்று பெயர். வழக்கில் பிடிபட்ட பொருள். கேஸ் முடியும்வரை யாரும் அசைக்கக் கூடாது. முடிந்ததும் ஏலத்துக்குப் போகும்.

ஒரு நாள் காலையில் பால் கறக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் மாடு இருமுகிற சத்தம் கேட்டது. என் மாடு இரண்டும் என் கண் முன்னால் நின்றன. எட்டிப் பார்த்தேன். துருப்பிடித்த ஒரு லாரியின் முன்பக்கத்தில் இரண்டு வண்டிமாடுகளைக் கட்டியிருந்தார்கள். ஒன்று சாம்பல் நிற மயிலை, மற்றது சிவப்பு நிறச் செவலை. பக்கத்தில் வண்டி. வண்டியில் இருந்த மணலில் இன்னும் ஈரம் காயவில்லை. விடியற்காலையில் ஆற்றில் மணல் அள்ளும்போது பிடித்திருக்கிறார்கள். வண்டிக்காரன் எங்கள் மேலத்தெருக்காரன்தான், உள்ளே உட்கார்ந்திருந்தான். ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து வாழைத்தார் பாதி அவன் வண்டியில்தான் போகும். சின்ன லாரிகள் வந்த பிறகு அவனை யாரும் கூப்பிடுவதில்லை.

உச்சி வெயில் வந்தும் மாடுகள் அங்கேயே நின்றன. முன்னால் ஒரு பிடி புல் இல்லை, ஒரு வாளித் தண்ணீர் இல்லை. நான் ஏட்டையாவைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் எழுதியிருப்பதைத் தவிர வேறு எதையும் செய்யப் பயப்படுவார்.

"ஏட்டையா, மாட்ட நிழல்ல மாத்திக் கட்டும்."

"அது தொண்டி ஆச்சி. அவுக்கப்படாது."

"தொண்டிக்குத் தாகம் எடுக்காதோ?"

அவர் லாரியைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். லாரியும் மாடும் அவர் கணக்கில் ஒரே வரிசையில்தான் நின்றன. அது அவர் தப்பில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படி. நான் வாளியைச் சுவருக்கு மேலே ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினேன். அதை அவர் தடுக்கவில்லை, மயிலையின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஏட்டையா இன்ஸ்பெக்டரிடம் பேச, கோர்ட்டில் கேட்கும்வரை மாடுகள் என் தொழுவத்தில் நிற்கட்டும் என்று முடிவு செய்தார்கள். பொறுப்புச் சீட்டில் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை என் முன்னால் நீட்டினார் ஏட்டையா. நான் பேனாவைக் கேட்டேன். இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் பேரை நான்தான் எழுதுவேன். கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். காத்திருந்தார்.

மாடுகளின் கொம்பில் வழக்கு எண் எழுதிய அட்டைகளைக் கயிற்றில் கட்டி அனுப்பினார்கள். வந்த அன்றைக்கே மயிலையின் அட்டையைச் செவலை மென்று தின்றுவிட்டது. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். ஏட்டையாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "தொண்டியே தொண்டிச் சீட்டத் தின்னுட்டுன்னு நான் எப்படி எழுத?" என்று கேட்டுக்கொண்டே வேறு அட்டை எழுதிக் கொடுத்தார்.

மயிலையின் கழுத்தில் நுகத்தடி அழுத்தி ஒரு புண் இருந்தது. ஈ மொய்த்தது. அரசு மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து ஊசி போட்டு, களிம்பு கொடுத்துவிட்டுப் போனார். நான் களிம்பும் போட்டேன், வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டேன். போடும்போது ஒவ்வொரு தடவையும் அந்த வண்டிக்காரனை மனதுக்குள் வைதேன். சில தடவை வாய்விட்டும் வைதேன்.

கழுவும்போதுதான் மயிலையின் இடது கண்ணில் பூ விழுந்திருப்பது தெரிந்தது. அந்தப் பக்கம் எப்போதும் செவலை நிற்கும். நான் தெரியாமல் இடம் மாற்றிக் கட்டிய அன்று மயிலை தூணில் இடித்துக்கொண்டு மிரண்டது. பழையபடி கட்டியதும் செவலையின் வயிற்றில் தலையை ஒட்டிக்கொண்டு அடங்கிவிட்டது. அதற்கு இடது கண் செவலைதான். தண்ணீரும் அப்படித்தான். செவலை முதலில் வாய் வைத்து உறிஞ்சும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மயிலை குனியும்.

ஏலம் வரும் என்று ஏட்டையா ஒரு நாள் சொன்னார். ஸ்டேஷனில் மாட்டை வைத்துப் பராமரிக்க முடியாது, வண்டியையும் மாடுகளையும் ஏலம் விட அனுமதி வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களாம். ஏலத்தில் தனித்தனியாகத்தான் கேட்பார்கள். செவலையை யாராவது உழவுக்கு வாங்குவார்கள். ஒற்றைக் கண் மாட்டை வாங்குகிறவன் எதற்கு வாங்குவான் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குச் சாயங்காலமே லாரியில் ஏற்றி மேற்கே அடிமாட்டுக்குக் கொண்டுபோய்விடுவான்.

இதற்கிடையில் வண்டிக்காரன் ஜாமீனில் வந்தான். என் வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே வரவில்லை. நான் பார்ப்பதற்கு முன்னாலேயே செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது.

"கழுத்தப் பாத்தியால?" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

தலையைக் குனிந்துகொண்டான். "ஆச்சி, மயிலைக்கு இடது கண்ணு" என்று ஆரம்பித்தான்.

"தெரியும். போ."

போய்விட்டான். மறுநாள் காலையில் வேலி ஓரத்தில் ஒரு கட்டு அருகம்புல் கிடந்தது, ஆற்றில் அலசி, மண் இல்லாமல். நான் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் கிடந்தது. என் ரோஷத்துக்கு மாடு ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று எடுத்துப் போட்டேன். அப்புறம் தினமும் வந்தது. அவனுக்கும் எனக்கும் பேச்சு மட்டும் இல்லை.

தாலுகாக் கோர்ட்டில் கேட்கிற நாளில் மாடுகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். கால்வாய்க் கரை வழியாக நடத்திக்கொண்டு போனோம். யூனிபாரத்தோடு ஏட்டையா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால், நான் குடையோடு பின்னால். டீக்கடையில் இருந்த ஒருவர், "என்ன ஏட்டையா, ரெண்டு பேரையும் எங்க வச்சுப் பிடிச்சீரு?" என்று கேட்டார். "விலங்கு மாட்டலியா?" என்றார் இன்னொருவர். ஏட்டையா முகத்தைத் திருப்பவே இல்லை. அவர் காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

கோர்ட்டு வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் மாடுகளைக் கட்டினோம். அங்கே ஒரு சின்னப் பெண் வந்தாள். வக்கீல். கறுப்புக் கோட்டுக்கு மேலே தலையில் முக்காடு. மேலப்பாளையத்துப் பிள்ளை. பிராணிகளுக்காக நடத்துகிற ஒரு சங்கத்துக்கு ஆஜராகிறாளாம். மாடுகளைத் தங்கள் காப்பகத்துக்குக் கொண்டுபோக மனுப் போட்டிருந்தாள். வண்டிக்காரனுக்கு ஒரு வக்கீல், அரசாங்கத்துக்கு ஒரு வக்கீல். ஆக, ஏலம் விடு என்று ஒரு கட்சி, என் மாட்டை என்னிடம் கொடு என்று ஒரு கட்சி, காப்பகத்துக்கு அனுப்பு என்று ஒரு கட்சி.

அந்தப் பிள்ளை மயிலையின் கழுத்தைப் பார்த்து, ஆறி வருகிறது என்று சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பக்கத்தில் உட்கார வைத்து, மாட்டையும் மணலையும் ஒரே சீட்டில் எழுதுகிறார்களே, அது ஏன் என்று கேட்டேன்.

சட்டத்துக்கு இரண்டே வகைதான் தெரியும் என்று அவள் விளக்கினாள். ஒன்று ஆள், இன்னொன்று பொருள். ஆளுக்கு உரிமை உண்டு. பொருளுக்குக் கிடையாது, பொருளை வைத்திருக்கிறவனுக்குத்தான் உரிமை. ஆள் என்றால் மனுசர்தான் என்று நினைக்க வேண்டாம், ஒரு கம்பெனிகூடச் சட்டத்தில் ஆள்தான் என்றாள்.

"உங்க ஊருக் கோயில் சாஸ்தாவும் ஆள்தான் ஆச்சி. அவரு பேர்ல நெலம் இருக்கும்லா?"

"கால்வாய்க்குக் கீழ இருக்கு. நல்ல வயலு."

"அதுல ஒரு வழக்குன்னா அவரு பேர்லதான் நடக்கும். அவரு வாய் தொறந்து பேச மாட்டாரு. அதனால அவருக்காகப் பேச ஒரு காப்பாளர். சின்னப் பிள்ளைகளுக்கு வைக்கித மாதிரி."

எனக்கு இது புதிது. எங்கள் சாஸ்தா பேசமாட்டார் என்று யார் சொன்னது என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். யோசிக்க யோசிக்க அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. பேச முடியாதவருக்குப் பேச ஒருவரை வைப்பது எவ்வளவு மரியாதை.

"அப்போ இதுக ரெண்டும்?" என்று மாடுகளைக் காட்டினேன்.

"இன்னும் பொருள்தான். ஆனா அப்படியே இருக்காது ஆச்சி. பெரிய கோர்ட்டுகள்ல சில நீதிபதிமாரு, பிராணிக்கும் உசுரோட, மரியாதையோட இருக்க உரிமை உண்டுன்னு எழுதியிருக்காங்க. கீழ வர நாளாகும். நாங்க கேட்டுக்கிட்டே இருக்கோம்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நாற்று நட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கிறவர்கள் பேசுவதுபோலச் சொன்னாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி நாற்காலியில் நடுவராக இருந்தது ஒரு பெண். என் மருமகள் வயதுதான் இருக்கும். அரசு வக்கீல் எழுந்து, இவனிடம் மாடுகளைக் கொடுத்தால் மறுபடியும் ஆற்றில்தான் இறங்குவான், ஒரு வாரமாகத் தொடர்ந்து மணல் அள்ளியதைப் பார்த்த பிறகுதான் பிடித்தார்கள் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் வக்கீல் பிள்ளையும் எழுந்தாள். எப்போது அவள் எங்கள் வக்கீல் ஆனாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் முழுவதும், ஒரு நாள்கூட ஓய்வு கொடுக்காமல் நுகத்தில் பூட்டியிருக்கிறார், கழுத்துப் புண்ணே அதற்குச் சாட்சி என்றாள். நானும் தலையை ஆட்டினேன். கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் நானும் வந்திருந்தேன்.

அப்போதுதான் பின்னால் ஓரமாக நின்றிருந்த வண்டிக்காரன் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அம்மா, அது மட்டும் தப்பு. அந்த வாரத்துல அமாவாசை வருது. மத்த நாளு அள்ளுனேன். அமாவாசைக்கு நான் அள்ளல."

அவன் வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நடுவரம்மா சிரிக்கவில்லை. "மணல் அள்ளுனீங்களான்னு நான் இன்னைக்குக் கேக்கவே இல்லையே" என்றார்.

"நீங்க கேக்கலம்மா. அவுக சொல்லுதாகளே. மணலுக்கு என்ன தண்டனைன்னாலும் குடுங்க. அமாவாசைக்கு மாட்டப் பூட்டுனவன்னு எழுதிராதீக. எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்கு. ஊருக்குள்ள நான் எப்படி நடமாட?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் அமாவாசை அன்று மாட்டுக் கழுத்தில் நுகத்தடி படாது. அறுவடை காத்துக் கிடந்தாலும் படாது. மணல் அள்ளினான் என்றால் ஊர் அவனைத் திட்டும், அதோடு மறந்துவிடும். அமாவாசைக்குப் பூட்டினான் என்றால் அவன் வீட்டில் சம்பந்தம் பண்ண யோசிப்பார்கள். அதனால்தான் அவன் தன் வாயாலேயே களவை ஒத்துக்கொண்டு, இதை மட்டும் மறுத்தான்.

அன்று அவன் பூட்டவில்லை என்பதற்கு யாராவது சாட்சி உண்டா என்று நடுவரம்மா கேட்டார். அவன் சுற்றிலும் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. நான் அவனுக்கு எதிர்க்கட்சி என்பது அவனுக்குத் தெரியும்.

நான் எழுந்தேன். முழங்கால் நிமிர நேரம் எடுத்தது.

"நான் இருக்கேன் தாயி."

அந்த அமாவாசைக்கு நான் படித்துறைக்குக் குளிக்கப் போயிருந்தேன். இவன் முழங்கால் தண்ணீரில் நின்று மாடுகளை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்து முடித்தும் கரையேற்றவில்லை. அவை படுக்கும் மட்டும் படுத்துக் கிடக்கட்டும் என்று படியில் உட்கார்ந்து பீடி குடித்தான். புகை என் பக்கம் வருகிறது என்று அன்றைக்கும் நான் வைதேன். இவன்மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல எனக்கு வராது. அதை அப்படியே சொன்னேன்.

நடுவரம்மா என்னை விடவில்லை. மாடுகளை வைத்துப் பார்த்துக்கொள்வது நீங்கள்தானே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். இவ்வளவு பெரிய இடத்தில் என்னைக் கேட்கிறார்களே என்று முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். பிறகு மயிலையின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். செவலை முதலில் தண்ணீர் குடிப்பதைச் சொன்னேன்.

"ரெண்டையும் பிரிக்கப்படாது. லாரியில ஏத்தப்படாது. கழுத்து ஆறுத வரைக்கும் என் தொழுவத்துல நிக்கட்டும். பெறவு இவன்கிட்டயே போகட்டும். ஆனா இவன் ஒழுங்காப் பாக்கானான்னு பாக்க ஒரு ஆளு வேணும்."

"இத நீங்க யாருக்காகக் கேக்கீங்க? அவருக்காகவா, உங்களுக்காகவா?"

"ரெண்டு பேருக்கும் இல்ல. மாட்டுக்காகக் கேக்கேன்."

வக்கீல் பிள்ளை சட்டென்று எழுந்து, காப்பகத்துக்கு அனுப்பச் சொன்ன தன் மனுவை வற்புறுத்தவில்லை, இந்த அம்மா கேட்டபடி நிபந்தனைகளோடு உத்தரவிட வேண்டும் என்றாள். சாயங்காலம் உத்தரவு வந்தது. வேப்பமரத்தடியில் நின்று அவள் எனக்குப் படித்துச் சொன்னாள். வண்டியும் மணலும் வழக்கு முடியும்வரை ஸ்டேஷனில் இருக்கும். மாடுகள் அவற்றைப்போல அல்ல. அவற்றுக்குப் பசியும் வலியும் பயமும் உண்டு, ஒன்றோடு ஒன்று வாழ்ந்து பழகியவை. ஆகையால் ஏலம் இல்லை. புண் ஆறிய பிறகு உடையவனிடம் போகலாம். கோர்ட்டைக் கேட்காமல் விற்கவோ பிரிக்கவோ கூடாது. மாதம் ஒரு தடவை மாட்டு டாக்டர் பார்க்க வேண்டும். அவற்றின் நலத்தைக் கவனித்துக் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டியவள் என்று அடியில் என் பேர் இருந்தது.

"காப்பாளர் மாதிரியா?" என்று கேட்டேன்.

"மாதிரிதான் ஆச்சி. முழுசா இல்ல. ஆனா இம்புட்டு வந்ததே பெருசு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. மயிலை அவள் கோட்டு நுனியை மோந்து பார்த்தது. நான் கயிற்றைச் சுண்டினேன். ஏற்கெனவே ஒரு அட்டை போன அனுபவம் எங்களுக்கு இருந்தது.

திரும்பி வரும்போது வண்டிக்காரன் எங்களுக்குப் பின்னால், கொஞ்ச தூரம் விட்டு நடந்து வந்தான். கால்வாய்ப் பாலத்தில் நான் நின்றேன். ஏட்டையாவிடமிருந்து கயிற்றை வாங்கி அவன் கையில் கொடுத்தேன். ஏட்டையா உத்தரவை நினைத்து வாயைத் திறந்தார். வீடு வரைக்கும்தான் என்றேன். மூடிக்கொண்டார்.

புண் ஆறி, முடி முளைத்த பிறகு மாடுகள் போயின. மணல் வழக்கில் அவன் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினான். இப்போது ஒரு பெரிய வாழைத்தோட்டத்தில் வேலை. மழைக்காலத்தில் அங்கே சின்ன லாரி உள்ளே போனால் சேற்றில் புதைந்துவிடும். தோட்டக்காரரின் வண்டியில் இவன் மாடுகளைப் பூட்டி வாழைத்தாரைச் சாலைவரைக்கும் கொண்டுவருகிறான். பாரம் அதிகமாக இருந்தால் மேட்டில் இறங்கி அவனும் தள்ளுகிறான். நுகத்தடியில் பழைய சாக்கைச் சுற்றியிருக்கிறான். நான் கேட்காமலே சுற்றியது.

மாதா மாதம் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் போவேன். கோர்ட்டில் என் பேர் இருக்கிறது.

போன மாதம் போனபோது அங்கே திசையன்விளைப் பக்கத்திலிருந்து ஒரு மாட்டு வியாபாரி வந்திருந்தார். செவலையின் பல்லைப் பார்த்தார், திமிலைத் தட்டினார். இது ஒன்றை மட்டும் கொடு, அந்தக் குருட்டு மாட்டை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப்போகிறாய் என்று பேச ஆரம்பித்தார். நல்ல விலைதான் சொன்னார். நான் வாழைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய காலமாக இருந்தால் வண்டிக்காரன் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பான். அவன் தாரை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவன் முகத்தில் ஒரு மிதப்பு இருந்தது.

"முடியாது அண்ணாச்சி. இது ரெண்டும் கோர்ட்டு ஏறுன ஆளுக. ஒண்ண வித்தா இன்னொண்ணு என்மேல கேஸ் போட்டுரும்."

வியாபாரி, இவனுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல என் பக்கம் திரும்பினார்.

"போடும்" என்றேன். "கூட நானும் போவேன்."